யானைமலையின் நிழற்படம்

இராசபாளையத்தில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வரலாறு கற்பித்தவன் நான். 1996-இல் மாணவர்களை மதுரையை அடுத்த யானைமலைக்கு அழைத்துச் சென்றேன். சமணர் படுகையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் காட்டினேன், கி.பி. 770-ஐச் சேர்ந்த நரசிங்கர் குடைவரையையும் காட்டினேன். மலையைக் காட்டவில்லை! அக்குறையைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியது ஒரு நிழற்படம்.

சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக இருந்த கேப்டன் லினியஸ் டிரைப், 1858-இல் எடுத்த படம் அது. மெழுகேற்றி முன்னரே பக்குவப்படுத்திய தாள்களையே அவர் பெரிதும் கையாண்டார். வெயிலில் நெடும்பயணம் செய்வோர்க்கு அவை ஏற்றவை. கோயில்களையும் மாளிகைகளையும் படமெடுத்த அவர், வெறும் பாறைமுகட்டையும் விட்டுவிடவில்லை. மலையும் ஓர் ஆவணமன்றோ!

2010-இல் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றனர், மலை பிழைத்தது. படம் சான்று கூறும், காவல் புரியாது. காவல் நம் கடமை. வெட்டிய பாறை மீண்டும் வளர்வதில்லை. ஆதலின், உங்கள் ஊர்க் குன்றை இன்றே படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள்.