சிவப்பு ஒயிலுக்குள் ஒரு திமிங்கிலம்

வீட்டு முற்றத்தில் நாமே ஒட்டோ கியர் ஒயில் மாற்றுகிறோம். மறுநாள் கியர் உதறுகிறது. உடனே கியர் பெட்டியைக் குறை சொல்கிறோம். இந்த ஒயிலின் வரலாறு தெரிந்தால் அவ்வளவு அவசரப்பட மாட்டோம்.

1940 மொடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ஜெனரல் மோட்டர்ஸ் ஹைட்ராமெட்டிக் என்ற தானியங்கிக் கியரைக் கொண்டுவந்தது. 1949இல் அதற்கென்றே 'டைப் ஏ' என்ற ஒயில் தரத்தை வகுத்தது. இந்த ஒயிலுக்கு இரண்டு முரணான வேலைகள். பல்சக்கரங்களைத் தேயாமல் காக்க வேண்டும். கிளச் தட்டுகள் வழுக்காமலும் உதறாமலும் பற்றவும் வேண்டும். அந்தப் பக்குவத்துக்கு அன்று உதவியது ஸ்பேர்ம் திமிங்கில எண்ணெய்.

1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. எண்ணெய்க்கு வழி அடைபட்டது. 1973இல் வேறு சேர்க்கைகளுடன் டெக்ஸ்ரன் 2 வந்தது. அதன் முதல் வடிவமோ கூலரின் ஈயப் பற்றவைப்பை அரித்தது. திருத்தி மீண்டும் வெளியிட வேண்டியதாயிற்று.

ஒரு சேர்க்கை மாறியதில் அவ்வளவு பெரிய கம்பனியே தடுமாறியது. ஆகவே சிவப்பாக இருக்கிறது என்பதற்காக எதையும் ஊற்றாதிருப்போம். கியர் தாமதித்தாலோ உதறினாலோ, முதலில் ஒயிலின் அளவைப் பார்ப்போம்; கைநூலில் குறித்த வகைதானா என்று பார்ப்போம். கருகிய மணம் வந்தால் தாமதிக்காமல் கராஜுக்குக் கொண்டு போவோம்.