ஆர்க்கேட்டா நகரப் பொதுப்பணிச் சேவைகள்

ஆர்க்கேட்டா என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில், ஹம்போல்ட் விரிகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு சிறு நகரமாகும். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 18,857. தெருப் பராமரிப்பு, குடிநீர் வழங்கல், மழைநீர் வடிகால், கழிவுநீர் அகற்றல் ஆகியவை இந்நகரின் முதன்மையான பொதுப்பணிச் சேவைகள். தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை என்பது மாநில அரசின் துறையைக் குறிக்கும். அமெரிக்க நகரங்களிலோ, நகராட்சிப் பொறியியல் பிரிவு செய்யும் பணிகளே இப்பெயரால் வழங்கப்படுகின்றன. ஆர்க்கேட்டாவை வெளியுலகம் அறிந்தது அதன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையினால் எனலாம்.

அன்றாடப் பணிகள்

நகரம் தனக்கு வேண்டிய குடிநீரின் பெரும்பகுதியை ஹம்போல்ட் விரிகுடா நகராட்சி நீர் மாவட்டம் என்னும் அமைப்பிடம் விலைக்கு வாங்குகிறது. அவ்வமைப்பு மேட் ஆற்றின் படுகைக்கு அடியில் அமைத்த கிணறுகளின் மூலம் நீரை எடுக்கிறது. மணலும் சரளையும் நீரை வடிகட்டித் தருகின்றன. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொள்வதை அறிந்தோருக்கு இம்முறை புதிதன்று. தொட்டிகள், குழாய்கள், நீரளவிகள் ஆகியவற்றைப் பேணி வீடுகளுக்கு நீரைக் கொண்டுசேர்ப்பது நகரத்தின் பொறுப்பு.

இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தெருவில் விழும் மழைநீர் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகள் வழியாக விரிகுடாவை அடையும். ஆகவே தெருக்களைப் பெருக்குவதும் வடிகால்களைத் தூர்வாருவதும் நீர்நிலைகளைக் காக்கும் பணிகளாகவும் அமைகின்றன.

கழிவுநீர்ச் சிக்கலின் வரலாறு

நகரின் கழிவுநீர் நெடுங்காலமாக விரிகுடாவிலேயே விடப்பட்டது. 1974 இல் கலிபோர்னியா மாநிலம், மூடிய விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் கழிவுநீரை விடுவதற்குத் தடை விதித்தது. விடப்படும் நீர் அந்நீர்நிலையின் தரத்தை மேம்படுத்துமென்று மெய்ப்பித்தால் மட்டும் விலக்குக் கிடைக்கும். விரிகுடாவைச் சூழ்ந்த ஊர்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய நிலையம் கட்டிக் கழிவுநீரைக் கடலில் விடுவதே அப்போதைய திட்டம். இதற்குப் பெருஞ்செலவாகும் என்பதாலும், விரிகுடாவின் அடியில் குழாய் பதிக்க வேண்டியிருந்ததாலும் ஆர்க்கேட்டாவில் எதிர்ப்பு எழுந்தது.

ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுற்றுச்சூழல் பொறியியலாளர் ராபர்ட் கியர்ஹார்ட், மீனியல் அறிஞர் ஜார்ஜ் ஆலன், நகரின் பொதுப்பணி இயக்குநர் பிராங்க் குளோப் ஆகியோர் மாற்றுவழியை முன்வைத்தனர். மேலே கூறிய விலக்கையே அவர்கள் பற்றிக்கொண்டனர். சதுப்புநிலத்தின் வழியாகச் செலுத்தினால் கழிவுநீர் விரிகுடாவுக்கு நன்மையே செய்யும் என்பது அவர்களின் வாதம். 1979 இல் சோதனைத் திட்டம் தொடங்கியது. 1986 இல் முழு அமைப்பும் நிறைவடைந்தது. மூடப்பட்ட குப்பைக் கிடங்கும் மரத்தொழில் கைவிட்ட நிலங்களுமே இதற்குப் பயன்பட்டன. 1987 இல் ஃபோர்டு அறக்கட்டளையின் புத்தாக்க விருது இந்நகருக்குக் கிடைத்தது.

இயங்கும் முறை

முதலில் கம்பிச் சல்லடைகள் கந்தல், குச்சி போன்றவற்றைத் தடுக்கின்றன. மணல் நீக்கப்பட்ட பின், படிவுத் தொட்டிகளில் கசடு அடியில் தங்குகிறது. எஞ்சிய நீர் ஆக்சிசனேற்றக் குளங்களுக்குச் செல்கிறது. அங்கே பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிசனை வெளியிட, நுண்ணுயிர்கள் அதைக்கொண்டு கழிவைச் சிதைக்கின்றன.

ஆனால் குளத்து நீரில் பாசியே ஒரு மாசாகிவிடும். அதை நீக்குவதே சதுப்பின் வேலை. கோரையும் சம்பும் அடர்ந்து வளர்ந்து வெயிலை மறைப்பதால் பாசி மடிந்து அடியில் படிகிறது. தண்டுகளில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் மீதிக் கழிவை உண்கின்றன. பின்னர் நீர் ஆலன், கியர்ஹார்ட், ஹவுசர் என்னும் மூன்று சதுப்புகளினூடே சென்று, நுண்ணுயிர் நீக்கப்பட்டு விரிகுடாவில் கலக்கிறது. இம்முறைக்கு மின்சாரம் குறைவாகவே தேவைப்படும். எனினும் பரந்த நிலம் வேண்டியிருப்பதால் இது நெரிசலான நகரங்களுக்குப் பொருந்தாது.

சதுப்பைச் சூழ்ந்த 307 ஏக்கர் நிலம் வனவிலங்குப் புகலிடமாக விளங்குகிறது. 300 க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. இங்குள்ள ஏரியொன்று குளோப்பின் பெயரைத் தாங்கியுள்ளது. பொதுப்பணி அலுவலர் ஒருவருக்கு இத்தகைய சிறப்புக் கிடைப்பது அரிது.

எதிர்நோக்கும் சிக்கல்கள்

மழைக்காலத்தில் பழைய குழாய்களின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் உட்புகுவதால், நிலையத்தை வந்தடையும் நீரின் அளவு கோடைக்காலத்தை விடப் பன்மடங்காகிறது. குழாய்களைப் பழுதுபார்ப்பது ஆண்டுதோறும் தொடரும் பணியாகும்.

கடல்மட்ட உயர்வு இதனினும் பெரிய சிக்கல். ஹம்போல்ட் விரிகுடாவில் நிலமும் தாழ்ந்துவருவதால், கடல்மட்டம் கலிபோர்னியாவின் பிற கரைகளை விட இங்கு விரைவாக உயர்கிறது. குளங்களையும் சதுப்புகளையும் காப்பவை மண்கரைகளே. கரைகளை உயர்த்துவதா, நிலையத்தையே உள்நாட்டுக்கு மாற்றுவதா என்பது நகரத்தின் முன்னுள்ள கேள்வி. கழிவுநீர் சரிவில் தானாகவே ஓடிவந்து சேரட்டும் என்றே நிலையம் தாழ்நிலத்தில் அமைக்கப்பட்டது. மேட்டுக்கு மாற்றினால் அந்நீர் முழுவதையும் எந்திரங்களைக் கொண்டு மேலேற்ற வேண்டியிருக்கும்.