கல்லில் இறங்கிய கங்கை

திறந்தவெளியில், மக்களும் பங்கு கொள்ளும்படி அமைக்கப்படும் கலை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2004-ல் திறக்கப்பட்ட கிரவுன் நீரூற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு கண்ணாடிக் கோபுரங்களில் அந்நகர மக்களின் முகங்கள் தோன்றும். அவர்கள் வாயிலிருந்து கொட்டுவது போல் தண்ணீர் பாயும். குழந்தைகள் அதில் நனைந்து விளையாடுவார்கள்.

இது புதிய சிந்தனையா? பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றால் விடை கிடைக்கும்.

அங்கே கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஒரு பெரும் பாறையையே ஓவியத் திரையாக்கினார்கள். அதுதான் 'அர்ச்சுனன் தபசு'. தேவர், முனிவர், வேடர், யானை, மான் என நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் அதில் உண்டு. தவம் செய்யும் பூனையும் அதை நம்பி நிற்கும் எலிகளும் கூட உண்டு!

பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவு ஒன்று இருக்கிறது. சிற்பிகள் அதை மூடவில்லை, ஆறாக மாற்றினார்கள். கைகூப்பிய நாகர்களை அதற்குள் செதுக்கினார்கள். பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உள்ளன. அதிலிருந்து திறந்துவிட்ட நீர் பிளவின் வழியே அருவியாக இறங்கியது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதனால்தான் இது அர்ச்சுனன் தவமல்ல, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் தவமே என்று வாதிடுவோரும் உண்டு.

பிளவின் இடப்புறம் கீழே பாருங்கள். ஆற்றில் குளித்து எழுந்த ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார். இன்னொருவர் தோளில் நீர்க்குடம் சுமக்கிறார். அன்று அவர்களுக்குப் பக்கத்தில் உண்மையான தண்ணீர் ஓடியிருக்கும். எதிரே நின்றவர்களும் அதன் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்; ஆற்றின் மறுகரையில் நிற்பது போல உணர்ந்திருப்பார்கள்.

1984-ல் மாமல்லபுரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் தொட்டி சிதைந்துவிட்டது, ஆறு வறண்டுவிட்டது. கிரவுன் நீரூற்றில் தண்ணீரை நிறுத்தினால் மிஞ்சுவது கண்ணாடிச் சுவர்தானே?

இன்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அந்தக் கலையின் பாதியைத்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மனிதர் துணியைப் பிழிந்துகொண்டே இருக்கிறார். அதை நனைக்கத்தான் தண்ணீர் இல்லை!