பெயர் வெட்டாதவர்கள்

செஞ்சிச் சீமையில், தளவானூர்க் குன்றில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலுக்குச் சத்துருமல்லேசுவராலயம் என்று பெயர். சத்துருமல்லன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று. ஈசனுக்கு எடுத்த கோயிலிலும் தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டுவிட்டான்! வடமொழிச் சாசனம் அதைச் சொல்கிறது. தமிழ் வெண்பா ஒன்றும் சொல்கிறது. வெண்பா பாடிய செல்லன் சிவதாசன்கூடத் தன் பெயரைக் கல்லில் ஏற்றிவிட்டான். எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தில் எப்போதுமே சமர்த்தர்கள். வாயிலில் அந்த மகர தோரணத்தைச் செதுக்கியவன் பெயர்தான் இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலிய சிலருடைய பெயர்கள் உண்டு. தளவானூர்த் தச்சனுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

மகேந்திரன் காலத்திலேதான் கான்ஸ்டாண்டிநோபிளில் ஹெராக்ளியஸ் சக்கரவர்த்தி (610–641) ஆண்டான். அங்கே தங்கசாலையில் அடித்த பொற்காசு நம் அரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதலான எடை. ஒரு ரோமாபுரி ராத்தலுக்கு 72 காசு. முன்பக்கம் சக்கரவர்த்தியின் முகமும் பெயரும். பின்பக்க வாசகத்தின் வாலில் ஒற்றைக் கிரேக்க எழுத்து. அது பட்டறையின் அடையாளம்; பத்துப் பட்டறைகள் இருந்தன. எடையோ மாற்றோ குறைந்தால் ஆளைப் பிடிப்பதற்காகத்தான் இருக்கும். வேலைக்காரனுக்குக் கிடைத்த விலாசம் அவ்வளவே.

ஆனால் அவன் செய்த வேலையைப் பாருங்கள். ராஜ்யம் கிறிஸ்தவ ராஜ்யமாகி நெடுநாளான பின்னும் காசின் பின்பக்கத்தில் பழைய வெற்றித் தேவதையே சிறகோடு நின்றாள், கையில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு. ஜஸ்டின் (518–527) ஆட்சியில் அவள் ஆணாகிவிட்டாள், தேவதூதன்! பக்கவாட்டில் நின்றவள் போய், நம்மை நேருக்கு நேர் பார்க்கிறான் அவன். சிறகும் சிலுவையும் மட்டும் அப்படியே. கட்டளை அரண்மனையிலிருந்து வந்திருக்கலாம். கட்டைவிரல் அகலத்துக்குள் பெண்ணை ஆணாக்குவது எப்படி என்று கண்டது அச்சு வெட்டியவனின் கை. பிறகு, இரண்டாம் டைபீரியஸ் (578–582) நாளில், தூதனும் போய்ப் படிகளின் மேல் சிலுவை மட்டும் நின்றது. ஹெராக்ளியஸ் காசிலும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், சுற்றியுள்ள வாசகத்தில் 'வெற்றி' என்ற சொல் அப்போதும் போகவில்லை. தேவதையை விரட்டியவர்கள் பெயரை விட்டுவிட்டார்கள்.

கீழை ரோமாபுரியின் சின்னஞ்சிறு செப்புக்காசுகள் மதுரையில் வைகை மணலிலும் கரூரில் அமராவதி மணலிலும் அகப்பட்டிருக்கின்றன. ஆர்க்கேடியஸ் போன்ற சக்கரவர்த்திகளின் முகங்கள், தேய்ந்துபோய். தென்னாட்டில் கிடைத்த பொற்காசுகளோ வேறு கதை. அவற்றில் பலவற்றில் இரண்டு துளைகள் இருக்கும். கழுத்தில் கோத்துப் போட்டுக்கொள்வதற்காக நம் ஊர்த் தட்டான் யாரோ போட்டவை. அந்த முகம் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் துளைகளைச் சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே பார்த்துத்தான் போட்டிருக்கிறான், தொங்கும்போது முகம் கவிழாதபடி.