மதிப்பெண்ணும் வரிசையும்

கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் மாணாக்கரை அளப்பதற்கு நம் நாடு கையாண்ட அளவுகோல்கள் பல. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பெற்றபோது, ஒவ்வொன்றும் தனக்கெனப் பிரவேசப் பரீட்சை ஒன்றை வகுத்துக்கொண்டது. ஒப்பிடப்பட்டவர் அனைவரும் ஒரே வினாத்தாளை எழுதியவர்கள். ஆதலின் மதிப்பெண்ணின் பொருள் தெளிவாயிருந்தது.

பிற்காலத்தில் மாநிலந்தோறும் தேர்வு வாரியங்கள் தோன்றின. ஒன்று தாராளமாக மதிப்பெண் வழங்கும். மற்றொன்று கைச்சிக்கனம் காட்டும். ஓரிடத்து 80-உம் வேறோரிடத்து 80-உம் ஒன்றாகுமா என்ற வினா அப்போது எழுந்தது. தொழிலின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு இது நம் மக்களின் எதிர்காலத்தைத் தொடும் வினாவாகும்.

விடைகள் வெவ்வேறாயின. தமிழ்நாடு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பொறியியல் நுழைவுத் தேர்வை விலக்கியது. பாடந்தோறும் பிற வாரியங்களின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணோடு சமப்படுத்திச் சேர்க்கை நடத்த முற்பட்டது. அகில இந்திய ஜே.இ.இ. மெயின் தேர்விலோ, 2013 முதல் 2016 வரை என்.ஐ.டி. முதலிய கல்லூரிகளுக்கான தரவரிசையில் பள்ளித் தேர்வுக்கு 40 சதவிகிதப் பங்கு இருந்தது. 2017-இல் அது நீக்கப்பட்டது. 2019 முதல் தேசியத் தேர்வு முகமை அத்தேர்வைப் பல நாட்களில், பல வேளைகளில் நடத்தத் தொடங்கியது. வேளைக்கு வேளை வினாத்தாள் வேறு. ஆகவே பெர்சென்டைல் என்னும் அளவு வந்தது.

இதனைச் சதவிகிதமென்று மயங்குதல் கூடாது. ஒரு வேளையில் 10,000 பேர் எழுதினரெனக் கொள்வோம். ஒரு மாணவியின் மதிப்பெண்ணையோ அதனினும் குறைவையோ பெற்றவர் 9,000 பேராயின், அவள் பெர்சென்டைல் 90. தாள் கடினமாயின், அவள் பாதி மதிப்பெண்கூடப் பெறாதிருக்கலாம். எல்லா வேளைகளிலும் சேர்த்து 10 இலட்சம் பேர் எழுதியிருப்பின், அவளுக்கு முன்னே ஏறத்தாழ 1 இலட்சம் பேர் நிற்பர். 99 பெற்றவனுக்கு முன்னேயும் ஏறத்தாழ 10,000 பேர் உண்டு. இதை அறியாத பெற்றோர், 90 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்து, வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடக்கூடும். அந்த இழப்பு ஓராண்டு இழப்பு.

இவ்வளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு வேளையிலும் அமர்ந்த கூட்டம் திறமையில் ஏறக்குறைய ஒத்தது என்னும் அனுமானத்தின்மேல் அது நிற்கிறது. 2022-இல் மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கும் பொது நுழைவுத் தேர்வு வந்தபின், வேளைகளைச் சமன்செய்யும் கணக்கு இன்னும் பல இல்லங்களை எட்டியுள்ளது.

பழைய பிரவேசப் பரீட்சையின் மதிப்பெண், மாணவன் எவ்வளவு எழுதினான் என்பதைக் கூறிற்று. பெர்சென்டைலோ, அவன் எத்தனை பேருக்கிடையே எங்கு நிற்கிறான் என்பதைக் கூறுகிறது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். அவன் கற்ற கல்வி மாறுவதில்லை. கல்லூரியைத் தேர்வதற்கு அவ்வெண்ணைக் கொள்வோம். பிள்ளையின் தகுதியை எடைபோட அதனைக் கொள்ளாதிருப்போம்.