எந்த ராஜாவுக்குத் துரோகம்?

சங்ககிரிக்கு ரயில் டிக்கெட் எடுத்தால் அதில் 'சங்கரி துர்க்' என்று வரும். துர்க் என்றால் கோட்டை. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. லாரி, சிமெண்ட், தறி என்று ஊர் எங்கேயோ போய்விட்டது. ரயில்வேதான் இன்னும் கோட்டையை விடவில்லை.

அந்தக் கோட்டை ஒரே ஆள் கட்டியதில்லை. விஜயநகரக் காலத்தில் தொடங்கியது என்பார்கள். பிறகு மைசூர்க்காரர்கள், கடைசியாகக் கம்பெனி. புதிதாக வந்தவன் பழைய மதிலை இடிக்காமல் மேலே தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தான். மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலை எவனும் அழிக்க மாட்டான். மலையில் பெருமாள் கோயிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது.

ஆனால் கோட்டையின் முக்கிய வேலை சாமி கும்பிடுவதோ சண்டை போடுவதோ அல்ல, வரிப்பணத்தைப் பத்திரமாக வைப்பது. திப்புவுக்கு இது படைத்தளம். கம்பெனி கைக்கு வந்தபின் கொங்கு நாட்டு வரியை வைக்கும் இடம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடு வந்தார், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறை இந்தப் பக்கத்தில்தான் உருவெடுத்தது. இதை நாம் பள்ளியில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் நின்று வரி வசூலித்து, அதில் ஒரு பங்கில் ஆள் வைத்து, வாள் வைத்து வாழ்ந்தவன் பாளையக்காரன். நேராக வரி வாங்க ஆரம்பித்தால் அவன் எதற்கு?

தீரன் சின்னமலையின் கதை ஆரம்பிப்பதே வரிப்பணத்தில்தான். மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தைப் பிடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று சொல்லி அனுப்பியதாகக் கொங்கு வாய்மொழி. அதே ஆள் பின்னாளில் திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். 1799 மே 4 அன்று திப்பு விழுந்தார். கொங்கின் மிச்சமும் கம்பெனிக்குப் போனது. சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு 1801 காவிரிக்கரை, 1802 ஓடாநிலை, 1804 அரச்சலூர் என்று சண்டை போட்டார். கடைசியில் பிடித்துக்கொண்டு வந்து சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். 1805 ஜூலை 31.

அவர் செய்த குற்றம் ராஜத் துரோகம் என்றால், எந்த ராஜாவுக்கு? ஆறு வருஷத்துக்கு முன்பு வரை அவர் மண்ணில் கம்பெனிக்கு ஒரு சாண் இடம் கிடையாது.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த வேலையைக் கொங்கு நாட்டில் பழகவில்லை. சொந்தத் தீவிலேயே பழகியிருந்தார்கள். சரியாக 500 வருஷம் முன்பு, 1305 ஆகஸ்ட் 23 அன்று, லண்டன் ஸ்மித்ஃபீல்டில் வில்லியம் வாலஸ் கொல்லப்பட்டார். கொல்லச் சொன்னவர் முதலாம் எட்வர்ட். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. நான் எட்வர்டுக்கு விசுவாசப் பிரமாணமே செய்ததில்லை, பிறகெப்படித் துரோகி ஆவேன் என்பதுதான் வாலஸ் தரப்பு. அது எடுபடவில்லை.

எட்வர்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தைவிட வேல்ஸ் நல்ல இடம். 1282இல் வேல்ஸ் இளவரசர் லுவெலின் கில்மெரி அருகே கொல்லப்பட்டார். தலை லண்டனுக்குப் போனது. அடுத்த வருஷம் அவர் தம்பி டாஃபித் ஷ்ரூஸ்பரியில் கண்டதுண்டமாக்கப்பட்டார். பிறகு வரிசையாகக் கோட்டைகள்: கான்வி, கார்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ். கான்வி எழுந்த இடத்தில் அதற்கு முன் ஒரு மடம் இருந்தது. லுவெலினின் தாத்தா புதைக்கப்பட்ட மடம். எட்வர்ட் அதை அப்படியே வேறு ஊருக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் கோட்டை கட்டினார். தோற்றவனின் தாத்தா சமாதிமேலேயே கொடி நாட்டுவது! ஆட்களை ஜெயித்தால் போதாது, இடத்தையும் ஜெயிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. ஓடாநிலைக் கோட்டையைப் பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். சின்னமலை கட்டியது இன்று இல்லை, மணிமண்டபம்தான் இருக்கிறது. சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டையோ தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கிறது. அவரை நினைத்து மாலை போட வருகிறவர்கள் அந்தக் கோட்டையின் அடிவாரத்துக்கே வர வேண்டியிருக்கிறது. வேல்ஸ்காரர்களும் இதே நிலைதான். எட்வர்டின் கோட்டைகளை இன்று பராமரித்து டிக்கெட் கிழிப்பது வேல்ஸ் அரசின் அமைப்பு. லுவெலினுக்கு கில்மெரியில் 1956இல் வைத்த ஒற்றைக் கல் இருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் தவறாமல் ஒரு காட்டிக்கொடுப்பவன் வருவான். சின்னமலைக்குச் சமையல்காரன், வாலஸுக்கு ஜான் மென்டீத். மென்டீத் வாலஸைப் பிடித்தது உண்மை. என்றாலும், தோல்வியை ஒரு தனியாள் தலையில் கட்டிவிட்டால் பீரங்கியையும் பணத்தையும் பேச வேண்டியதில்லை என்ற வசதி இதில் இருப்பதாக எனக்குத் தோன்றும். காட்டிக்கொடுத்தவனை ஊருக்கே தெரியும். கூட நின்றவர்கள் கதை வேறு. சின்னமலையின் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் பொல்லான் ஓர் அருந்ததியர். கம்பெனியின் செருப்பு தைக்கும் ஆளாகப் போய், செருப்புக்குள் ரகசிய ஓலை வைத்து அனுப்பியதாகக் கதை. சின்னமலை பெயரில் எத்தனையோ ஊரில் சிலையும் தெருவும் வந்தாயிற்று. பொல்லானுக்கு நினைவிடம் வேண்டும் என்று அவர் சமூகத்தார் நெடுங்காலம் கேட்க வேண்டியிருந்தது. கம்பெனியை எதிர்த்தவரை ஒரு சாதியின் ராஜாவாக்குவதற்கு ரீடும் வேண்டாம், மன்றோவும் வேண்டாம். நாமே போதும்.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. இந்திய அஞ்சல் துறை சின்னமலைக்குத் தபால்தலை வெளியிட்டது 2005 ஜூலை 31இல். ஆனால் சங்ககிரியில் மாலை விழுவது ஆடி 18 அன்று, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3. முன்பொரு தடவை தேதி மாற்றும் நிரல் எழுதியதால் இது எனக்கு உறுத்தியது, கணக்குப் போட்டேன். நம் பஞ்சாங்க வருஷம் ஆங்கில வருஷத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய 61 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். 200 வருஷத்தில் மூன்று நாள். 1805இல் ஆடிப்பெருக்கு ஜூலை 31இலேயே வந்திருக்கிறது. ரெண்டு தேதியும் சரி.

அன்றைக்கு ஈரோடு, பவானிப் பக்கம் பஸ்ஸில் இடம் கிடைக்காது. கட்சிக்கொடி கட்டிய கார்கள் சங்ககிரிக்குத் திரும்பும். முளைப்பாலிகையும் மாற்றிக் கட்ட மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் கூடுதுறையில் இறங்குவார்கள்.