படகுக்கு வந்த செய்மதி யாருக்காக வந்தது?

கடலுக்குப் போனவை சொன்ன நாளுக்குத் திரும்பாவிட்டால் கரையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்விதான் இருக்கும்: "எங்க நிக்கினம்?" இதற்கு வானத்திலிருந்து பதில் சொல்லும் தொழில்நுட்பம் வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் எங்கட பலநாள் படகுகளுக்கு அது வந்து சேர்ந்த காரணம் வேறு.

1912இல் ரைட்டானிக் மூழ்கியது. 1914இல் கடலில் உயிர்காப்பதற்கான சோலாஸ் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதற்குப் பிறகு விதிகள் வளர்ந்தன. ஆனால் பெரும்பாலானவை பயணிகள் கப்பலுக்கும் சரக்குக் கப்பலுக்கும்தான். மீன்பிடிக் கலங்களுக்கு விலக்கு. 1977இல் ஸ்பெயினின் ரொறெமொலினோஸ் நகரில் மீன்பிடிக் கலங்களுக்கென்று தனி உடன்படிக்கை செய்தார்கள். போதிய நாடுகள் சேராததால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. வந்திருந்தாலும் 24 மீற்றருக்குக் குறையாத கலங்களுக்குத்தான். எங்கட பலநாள் படகுகளில் அநேகமானவை அந்த நீளத்துக்குக் கிட்டவும் வராது.

இதே காலத்தில் செய்மதிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. 1979இல் கப்பல்களின் தொலைத்தொடர்புக்காக இன்மார்சாற் தொடங்கியது. பனிப்போருக்கு நடுவிலும் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து கொஸ்பாஸ்-சார்சாற் என்ற மீட்புத் திட்டத்தை உருவாக்கின; அதன் முதல் செய்மதி 1982இல் ஏவப்பட்டது. கலம் மூழ்கினால் ஒரு சிறு கருவி மிதந்து வந்து 406 மெகாஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும். செய்மதி அதைப் பிடித்துக் கரைக்குச் சொல்லும். தொண்ணூறுகளில் பெரிய கப்பல்களுக்கு இது கட்டாயமானது.

இனி எங்கட கடலுக்கு வருவோம். 2011 நவம்பர் 25 அன்று தென்கரையில் கடும் காற்று அடித்தது. வெலிகம, மாத்தறைப் பக்கம் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. ஏன் முன்னறிவிப்பு வரவில்லை என்று நாடே கேட்டது. செய்மதிக் கருவி அப்போது வரவில்லை.

அடுத்த வருடம் நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டியது. 2014 ஒக்ரோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2016 ஜூனில் தடை நீங்கியது. உயிர் போனபோது வராத கருவி, ஏற்றுமதி போனபோது வந்தது.

கருவி கூடாது என்று சொல்ல வரவில்லை. அது கடைசியாகக் காட்டிய இடமே தேடிப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் கண்காணிப்பின் கேள்வி "படகு எங்கே?" என்பதுதான். படகில் இருப்பவரின் கேள்வி "என்ன வருகுது?" என்பது. இரண்டும் ஒன்றல்ல.

2017 நவம்பர் இறுதியில் ஓக்கி புயல் இந்த வித்தியாசத்தைக் காட்டியது. இலங்கையைத் தாக்கிவிட்டுக் கன்னியாகுமரிக் கடலில் அது வலுத்தது. கரையில் எச்சரிக்கை வந்த நேரம் குமரி, கேரளப் படகுகள் பல ஆழ்கடலில், கைபேசியும் படகு வானொலியும் எட்டாத தூரத்தில் நின்றன. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. 2019இல் இந்தியா ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. புயல் எச்சரிக்கை செய்மதி வழியாக அதற்கு வரும். புளூடூத்தால் படகோட்டியின் கைபேசியில் தெரியும். ஆனால் அதிலும் செய்தி ஒருபக்கம்தான் போகும். படகிலிருந்து பதில் சொல்ல முடியாது.

இங்கே வடக்கில் அநேகம் பேர் ஒருநாள் தொழில் செய்கிற பைபர் படகுக்காரர். ஏற்றுமதிக்காக வந்த கண்காணிப்பு அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இனி ஒரு புதிய கருவி வரும்போது இரண்டு விஷயத்தைக் கேட்க வேணும்: அதில் படகுக்கும் செய்தி வருமா? சின்னப் படகுக்கும் அது கிடைக்குமா?